ஊவாத் தோட்டங்களும் ஊரவர் உரிமையும்

முதலாம் பராந்தக சோழனின் ஆட்சிக் காலத்தில், கி.பி. 919ஆம், 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் உள்ளூராட்சி வரலாற்றை ஆராயும் தமிழறிஞர் யாவரும் எடுத்துக்காட்டும் சான்றுகளாகும். ஏரியைப் பராமரிப்பதற்கும் தோட்டங்களைக் கண்காணிப்பதற்கும் ஊர்ச் சபையினர் வாரியங்களை அமைத்த முறையினையும், குடவோலை வாயிலாக உறுப்பினரைத் தெரிந்த முறையினையும் அவை விரிவாகக் கூறுகின்றன. அக்கல்வெட்டுக்களைப் போற்றுவோர் பெரும்பாலும் விரைந்து கடந்து செல்லும் பகுதியொன்றும் அவற்றிலுண்டு. அது தகுதி பற்றிய பகுதி. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாகவும், தனக்குச் சொந்தமான மனையில் வீடமைத்து வாழ்பவனாகவும் இருத்தல் வேண்டும் என்பது அங்கு விதிக்கப்பட்ட பொதுவான தகுதிகளுட் சிலவாகும். ஏரி நீரை உண்போர் பலர். ஏரியைப் பற்றிக் கருத்துரைக்கக் கூடியோர் நிலமும் மனையும் உடைய சிலர்.

பத்தாம் நூற்றாண்டுக்குரிய இவ்விதி, இலங்கையின் ஊவா மாகாணத் தோட்டங்களின் வரலாற்றை நோக்குவார்க்கு விந்தையான முறையில் நினைவுக்கு வருதல் இயல்பே. பாதை, புகையிரதம், வீடமைப்பு, நீர்த்தேக்கம், நீர்ச்சுரங்கம் என்றவாறு ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக இம்மலைகளிற் பல்வகைப் பொதுப்பணிகள் நிகழ்ந்து வந்துள்ளன. அவற்றின் பயனையும் பாதிப்பையும் முதன்முதல் அடைந்தோர் மலைச்சரிவுகளில் வாழ்ந்தோராவர். ஆயின், அவர்களது கருத்தைக் கேட்டறியும் கடப்பாடு நெடுங்காலம் எவருக்கும் இருந்ததில்லை. இதற்குக் காரணம் அவர்கள் மௌனமாக இருந்தமை என்று கூறுதல் பொருந்தாது. அவர்களை 'ஊரவர்' என்று சட்டம் ஏற்றுக்கொள்ளாமையே காரணமென்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

பாதையும் புகையிரதமும்

ஊவா தனி மாகாணமாக அமைக்கப்பட்டது 1886ஆம் ஆண்டிலாகும். பதுளை அதன் தலைநகராயிற்று. அதற்கு முன்னரே அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, லுணுகலை முதலிய இடங்களிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியிருந்தன. 1869ஆம் ஆண்டிற் கோப்பி இலைகளிற் காணப்பட்ட நோய் அடுத்த இரு தசாப்தங்களில் அப்பயிரை அழித்தொழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் எதுவாயினும், மலையுச்சியில் விளைந்ததைக் கொழும்புத் துறைமுகம் வரை கொண்டு செல்வதற்கு மாட்டு வண்டிகளையும் கரடுமுரடான கணவாய்ப் பாதைகளையுமே நம்பியிருக்க வேண்டிய நிலை ஊவாத் தோட்டத் துரைமாருக்குப் பெருங்குறையாக இருந்தது.

இக்குறையை அவர்கள் எடுத்துரைத்த முறை கருதத்தக்கது. 1854ஆம் ஆண்டிற் கண்டியிலே தொடங்கப்பெற்ற தோட்டத் துரைமார் சங்கம் அவர்களிடம் இருந்தது. சட்ட நிரூபண சபையில் அவர்களுக்கெனப் பிரதிநிதியொருவர் இருந்தார். கொழும்பிலே வெளியான ஆங்கிலப் பத்திரிகைகள் அவர்களுக்காக எழுதின. தோட்டங்களுக்குச் செல்லும் கிளைப்பாதைகளை அமைப்பதிற் செலவின் ஒரு பங்கினை அரசாங்கமும் எஞ்சியதைத் தோட்ட உடைமையாளரும் ஏற்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தபோது, அப்பாதைகளை மேற்பார்வை செய்யும் குழுக்களிலும் அவர்களே அமர்ந்தனர். மகஜர், தீர்மானம், தூதுக்குழு, பத்திரிகைக் கடிதம் என்னும் வழிகள் அனைத்தும் அவர்களுக்குத் திறந்திருந்தன.

1885ஆம் ஆண்டில் நானு ஓயாவை அடைந்திருந்த புகையிரதப் பாதையை ஊவாவுக்கு நீட்டுதல் வேண்டுமென்னும் கோரிக்கை இவ்வழிகளிலெல்லாம் வலியுறுத்தப்பட்டது. செலவு மிகுதி என்னும் தயக்கம் குடியேற்ற நாட்டு அமைச்சில் நிலவிய போதிலும் கோரிக்கை ஈற்றில் வென்றது. 1893ஆம் ஆண்டிற் புகையிரதம் அப்புத்தளையையும், 1894ஆம் ஆண்டிற் பண்டாரவளையையும் அடைந்தது. பின்னர் 1921ஆம் ஆண்டிலே தெமோதரை வரையும், 1924ஆம் ஆண்டிலே பதுளை வரையும் பாதை நீண்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து நோக்கும் ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையிற் பாதை தன்னையே சுற்றிவந்து தன் கீழாகச் செல்லும் அமைப்பும் இக்கடைசிக் கட்டத்துக்குரியவை.

அப்பாதையால் யாது பயன் விளைய வேண்டும், எங்கெங்கு நிலையங்கள் அமைய வேண்டும் என்பன பற்றி அத்தோட்டங்களின் லயன்களில் வாழ்ந்த பல்லாயிரம் தொழிலாளரிடம் எவரும் வினவியதில்லை. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் வாயிலாகக் கொண்டுவரப்பட்ட அவர்கள் வேலைக்கு வந்த கூலிகள் என்றே கருதப்பட்டனர். லயன் அறையில் வாழும் உரிமை தோட்டத்தில் வேலை செய்யும் காலம் வரைக்கும் உரியது. பற்றுச்சீட்டு வழங்கப்பட்ட நாளில் வேலையோடு வசிப்பிடமும் நீங்கும். இத்தகையவர் ஓரிடத்தின் 'வதிவோர்' ஆவரோ என்னும் வினா அன்றைய ஆட்சியாளருக்கு எழவேயில்லை. அது சட்டத்தில் எழுந்த காலத்தில், விடை எதிர்மறையாகவே அமைந்தது.

கிராமச் சங்கமும் வதிவோர் வரைவிலக்கணமும்

கிராமங்களின் பழைய கன்சபா முறையினைப் புதுப்பிக்கும் நோக்கோடு 1871ஆம் ஆண்டிற் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நீர்ப்பாசனம், சிறு பாதைகள், கிராம மக்களின் சிறு வழக்குகள் ஆகியவற்றை ஊரவரே கவனிக்க அது இடமளித்தது. 1889ஆம் ஆண்டின் சட்டம் கிராமத்து வாக்காளர் யாவர் என்பதை வரையறுத்த வேளையில் ஐரோப்பியர், பறங்கியர், இந்தியத் தொழிலாளர் ஆகியோரை விலக்கியது. முன்னிரு பிரிவினருக்கும் இதனால் இழப்பேதும் இல்லை. அவர்களின் கருத்து அரசாங்கத்தின் செவியை அடைவதற்கு வேறு பல வாயில்கள் இருந்தமை மேலே காட்டப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கோ வேறு வாயில் எதுவுமில்லை.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியலமைப்பின் கீழ்ச் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருட் சிலர் அரசாங்க சபைத் தேர்தலில் வாக்களித்தனர். நாட்டின் சட்டங்களை ஆக்கும் சபைக்கு வாக்களிக்கத் தகுதியுடையவர் தம் அயலிலுள்ள ஒற்றையடிப் பாதையைப் பற்றி முடிவு செய்யும் கிராமச் சங்கத்துக்கு வாக்களிக்கத் தகுதியற்றவராக இருந்தமை இக்காலத்து முரண்பாடாகும். 1930களின் பிற்பகுதியில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்த எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்க கிராமச் சமுதாயச் சட்டத்தைத் திருத்த முற்பட்டார். ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் இருந்த விலக்கு நீக்கப்படவிருந்தது. இந்தியத் தொழிலாளருக்கான விலக்கு நீக்கப்படவில்லை. இது இனப்பாகுபாடு என்னும் கண்டனம் இந்தியாவிலும் இலங்கையிலும் எழுந்தது. அதனைத் தவிர்க்கக் காணப்பட்ட வழி, இந்தியர், சிங்களவர் என்னும் வேறுபாடின்றித் தோட்ட லயன்களில் வாழும் தொழிலாளர் அனைவரையும் விலக்குவதாக அமைந்தது. இவ்வாறாக, ஓரினத்தவர்க்கு எதிராக இருந்த விலக்கு ஒரு வசிப்பிடத்துக்கு எதிரான விலக்காக உருமாறியது.

இவ்விலக்கினை ஆதரித்தோரின் வாதங்களையும் நடுநிலை நின்று நோக்குதல் தகும். மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தவர் தம் மூதாதையரின் சேனை நிலங்களும் காடுகளும் தோட்டங்களாக மாறியதைக் கண்டவர்கள். எண்ணிக்கையில் மிகுந்த தோட்ட மக்கள் கிராமச் சங்கத்திற் புகுந்தால், எஞ்சியிருந்த ஒரே நிறுவனமும் தம் கையை விட்டகலும் என அவர்கள் அஞ்சினர். இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. தோட்டம் தன் பாதையையும் நீரையும் வைத்திய வசதியையும் தானே கவனித்துக்கொள்கிறது. ஆதலாற் கிராமச் சங்கத்தில் அதற்கு வேலையில்லை என்னும் மற்றொரு வாதமும் இருந்தது. இரண்டாவது வாதத்திலுள்ள குறை வெளிப்படை. தோட்டம் என்று அங்கு கூறப்பட்டது முகாமையையே. தோட்டத்தின் கருத்து என்பது துரையின் கருத்தாகக் கொள்ளப்பட்டது. லயனில் வாழ்ந்தவரின் கருத்தன்று.

வெவஸ்ஸ தோட்டத்தில் ஒரு சோதனை

கேட்கப்படாதவர்கள் தம் குரலைக் கேட்கச் செய்த நிகழ்ச்சியொன்று 1940ஆம் ஆண்டிற் பதுளையை அடுத்துள்ள வெவஸ்ஸ தோட்டத்திலே நடைபெற்றது. 1939ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. மூல்லோயாவில் 1940 சனவரியிற் பொலீசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குத் தொழிலாளி ஒருவர் பலியானமை நாடறிந்தது. அவ்வலை ஊவாவில் உச்சம் பெற்றது. வெவஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தம்மிடையே தேர்தல் மூலம் ஒரு சபையை அமைத்தனர் என்றும், அச்சபையைக் கலந்தே தோட்ட விடயங்களை நடத்துவதற்குத் துரை இணங்கினார் என்றும் இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றுக் குறிப்புக்கள் கூறுகின்றன. பொலீசாரின் அடக்குமுறையும், அவ்வேளை பெய்த பெருமழையால் ஊவா ஒரு வாரத்துக்கு மேலாக நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டமையும் அவ்வெழுச்சியின் முடிவுக்குக் காரணங்களாயின.

வெவஸ்ஸ நிகழ்ச்சி தொழிற்சங்க வரலாற்றில் வேலைநிறுத்தமாகவே பதிவு பெற்றுள்ளது. உள்ளூராட்சி வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் வழங்கப்படவில்லை. கிராமச் சங்கத்தில் இடம் மறுக்கப்பட்ட ஒருசில ஆண்டுகளுள், அதே மக்கள் தாம் வாழும் இடத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட சபையொன்றைத் தாமே அமைத்தனர் என்பது அற்பமான செய்தியன்று. சட்டத்தின் வரைவிலக்கணம் எவ்வாறிருப்பினும், தாங்கள் ஊரவரே என்னும் உணர்வு அவர்களிடம் இருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரசாவுரிமை இழப்பும் பிரதேச சபையும்

1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் வெற்றி பெற்றனர். பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா தெரிவானார். ஆயின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டங்களும் தோட்ட மக்களிற் பெரும்பாலோரைப் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் அற்றவராக்கின. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பமிடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் நிலையை இரு அரசாங்கங்களுக்கிடையே பங்கிட முயன்றது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் அது வகுத்தது. இன்ன நாட்டவர் என்பதே முடிவாகாதவரிடம் இன்ன பாதை வேண்டுமா என்று எவர் வினவுவர்?

1970களில் நிலச் சீர்திருத்தச் சட்டங்களின் வாயிலாகத் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரையின் பதவிப் பெயர் மாறியது. லயனின் நிலை மாறவில்லை. 1992ஆம் ஆண்டிலே தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் காணியின் உரித்து அரசிடமே இருந்தது. இம்மாற்றங்களுக்கிடையே 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்களும், ஈற்றில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோரின் பிரசாவுரிமைப் பிரச்சினைக்குத் தீர்வு கண்டன.

இந்நிலையிற்றான் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராம மட்டத்துத் தேவைகளைக் கவனிப்பதற்கென ஏற்பட்ட இச்சபைகளுக்கு 1991ஆம் ஆண்டிற் பெரும்பாலான பகுதிகளிலே தேர்தல் நடைபெற்றது. பிரசாவுரிமை பெற்றிருந்த தோட்ட மக்கள் வாக்களித்தனர். அவர்களிடையேயிருந்து உறுப்பினரும் தெரிவாயினர். ஆயினும், அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு பிரதேச சபையின் நிதியைத் தோட்டங்களிற் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டம் தனிப்பட்ட உடைமை. அதன் பாதை பொதுப்பாதையன்று என்பது இதன் அடிப்படை.

இதன் நடைமுறை விளைவு விசித்திரமானது. தோட்டத்து மக்களின் வாக்கினாலே தெரிவான உறுப்பினர் ஒருவர், தன்னைத் தெரிந்த மக்களின் லயன் வாயிலிலுள்ள பாதைக்கு ஒரு வண்டிக் கல் போடும்படி சபையிலே தீர்மானம் கொண்டுவர இயலாதவராக இருந்தார். பிரசவ வேதனையுற்ற தாயைச் சுமந்து செல்வதும் அப்பாதையே. பாடசாலைப் பிள்ளைகள் நடப்பதும் அப்பாதையே. முகாமையோ, கொழுந்து லொறி செல்லும் பாதையைச் செப்பனிடுவதற்குக் காட்டும் அக்கறையை லயன் பாதைக்குக் காட்டுவதற்குச் சட்டக் கடப்பாடு எதனையும் உணரவில்லை. கம்பனி ஒருபுறமும் சபை மறுபுறமும் கைவிரிக்க, பாதை இடைநடுவே கிடந்தது. 1930களிற் கூறப்பட்ட வாதம் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் சட்டப் புத்தகத்தில் உயிர்வாழ்ந்தது என்பதே இதன் பொருள்.

மீரியபெத்தை

கருத்துக் கேட்கப்படாமையின் விலை பாதையளவில் நின்றிருந்தால் அதனை வசதிக்குறைவு என்று கூறி அமையலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, அல்துமுல்லப் பிரிவில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலை சரிந்தது. லயன்களும் கோயிலும் மண்ணுட் புதைந்தன. முதலில் நூற்றுக்கணக்கானோர் காணாமற் போயினர் எனக் கூறப்பட்டது. பின்னர் அத்தொகை நாற்பதுக்கும் குறைவென வரையறுக்கப்பட்டது. அவர்களுட் பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. அம்மலையடியில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதையே உடனடியாகச் சொல்ல முடியாதிருந்தமை, அவர்கள் எவ்வளவு மெலிதாகப் பதிவேடுகளில் இடம்பெற்றிருந்தனர் என்பதைப் புலப்படுத்தியது.

இவ்வழிவு முன்னறிவிப்பின்றி நிகழ்ந்ததன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அவ்விடம் அபாயமானது என எச்சரித்து, மக்களை அகற்றும்படி ஆலோசனை கூறியிருந்தது. எச்சரிக்கையை மக்கள் பொருட்படுத்தவில்லை என்று ஒரு சாரார் கூறினர். செல்வதற்கு மாற்றுக் காணி எதுவும் காட்டப்படவில்லை என்று உயிர் பிழைத்தோர் கூறினர். இவ்விரு கூற்றுக்களையும் ஒன்றுக்கொன்று மாறானவை எனக் கொள்ள வேண்டியதில்லை. சொந்தக் காணியுள்ள ஒருவரிடம் இடம்பெயருமாறு கூறினால் அவர் விற்கலாம், வாங்கலாம், உறவினர் காணியிற் குடிசை அமைக்கலாம். லயனில் வாழ்பவர்க்கு வீடும் காணியும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. அவர் மலையை விட்டு நீங்குவதற்கு மூவர் இணங்க வேண்டும்: காணியை வழங்கும் அரசு, அதனை விடுவிக்கும் கம்பனி, நிதி ஒதுக்கும் அமைச்சு. அம்மூவரிடையே ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஒன்பது ஆண்டுகள் உலவியது.

இங்கு கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. அபிவிருத்தி பற்றிய விடயங்களில் ஊரவர் கருத்தினைக் கேட்டல் என்றவுடன், அறிவியலறிஞரின் தீர்ப்புக்கு எதிராகப் பாமரரின் விருப்பத்தை நிறுத்துவதாகச் சிலர் எண்ணுவர். மீரியபெத்தையில் நிபுணர் ஆபத்தைச் சரியாகவே கணித்தனர். குறைந்தது, அக்கணிப்பைக் கையிலெடுத்துக்கொண்டு அலுவலகப் படியேறி, 'எமக்குக் காணி எங்கே?' என்று உரிமையோடு வினவக்கூடிய ஊர்ச் சபையொன்று. அத்தகைய சபை இருந்திருப்பின் நிபுணரின் அறிவே வலுப்பெற்றிருக்கும். தப்பியோருக்கென மாக்கல்தெனியாவில் அமைக்கப்பட்ட 75 வீடுகள் 2016ஆம் ஆண்டிற் கையளிக்கப்பட்டன. அழிவின் பின் இரண்டாண்டுகளில் இயன்றது, அழிவுக்கு முந்திய ஒன்பது ஆண்டுகளில் ஏன் இயலவில்லை என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

உமா ஓயா

மீரியபெத்தை அழிந்த இரு மாதங்களுள் அதே மாவட்டத்தில் வேறொரு வகைச் சோதனை தொடங்கியது. உமா ஓயா பல்நோக்கு அபிவிருத்தித் திட்டம் மகாவலியின் கிளையாறான உமா ஓயாவின் நீரை மலைகளுக்கு அடியாகத் தெற்கே கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்புவதாகும். புகுல்பொலையிலும் டயரபாவிலும் அணைகள்; அங்கிருந்து 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீர்ச்சுரங்கம்; நிலத்தடியில் 120 மெகாவாற்று மின்னிலையம்; மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்கு நீர் என்பன அதன் கூறுகள். ஈரானியக் கடனுதவியோடு ஈரானிய நிறுவனமொன்றால் நிறைவேற்றப்பட்ட இத்திட்டத்துக்கு 2008 ஏப்ரிலில், ஈரானிய ஜனாதிபதி அகமதினெஜாட் வருகை தந்த வேளையில், அடிக்கல் நாட்டப்பட்டது.

பொதுமக்கள் கருத்துரைப்பதற்கு இப்போது சட்டம் இருந்தது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டமும் 1988ஆம் ஆண்டின் திருத்தமும், பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டறிக்கை ஆயத்தம் செய்யப்படல் வேண்டுமென விதித்தன. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வெளியிடப்பட்டு, 30 நாட்களுள் எவரும் தம் கருத்தை எழுத்திற் சமர்ப்பிக்கலாம். வரிசைமுறைதான் மாறியிருந்தது. உமா ஓயாவிற் கல் முதலில் நாட்டப்பட்டது. சுற்றாடல் அனுமதி அதன் பின்னரே வந்தது. நாட்டப்பட்ட கல்லைப் பெயர்த்தெடுக்கும் கருத்தை எந்த அலுவலகம் ஏற்கும்?

2014 திசெம்பரிற் சுரங்கத்துட் பெருமளவு நிலத்தடி நீர் பாயத் தொடங்கியது. 2017ஆம் ஆண்டில் மீண்டும் கசிவு ஏற்பட்டது. பண்டாரவளையைச் சூழ்ந்த ஊர்களிற் கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. குடிநீருக்குத் தாங்கி வண்டிகளை எதிர்பார்க்கும் நிலை, மழைவளம் மிக்க மலைநாட்டு மக்களுக்கு வந்தது. 2017 யூன் மாத இறுதியிற் பண்டாரவளையிற் கடைகள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வீதியிற் கூடினர். அதன் பின்னரே அமைச்சர்கள் விரைந்தனர். வெளிநாட்டு நிபுணர்கள் அழைக்கப்பட்டனர். நட்டஈடு பற்றிப் பேசப்பட்டது. 30 நாட் கடிதம் சாதிக்காததை ஒருநாட் கூட்டம் சாதித்தது எனலாம். ஆனால், அக்கூட்டம் கூடிய வேளையிற் சுரங்கத்தின் பெரும்பகுதி தோண்டப்பட்டுவிட்டது. திட்டம் தொடர்ந்தது. 2024 ஏப்ரில் 24ஆம் நாள் ஈரானிய ஜனாதிபதி ரைசியும் இலங்கை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் அதனைத் திறந்து வைத்தனர்.

இவ்விடயத்தில் மறுபக்கமும் உண்டு. தெற்கின் வறண்ட நிலத்து உழவருக்கு நீர் வேண்டும் என்பது நியாயமான தேவை. பண்டாரவளை மக்களின் எதிர்ப்பு மட்டுமே முடிவைத் தீர்மானித்தால், மொனராகலை மக்களின் தாகம் எவர் கணக்கிற் சேரும்? ஊரவர் கருத்தே இறுதித் தீர்ப்பாதல் வேண்டும் என எவரும் வாதிடுதல் அரிது. தீர்ப்புக்கு முன்னர் அது கேட்கப்படுதல் வேண்டும் என்பதே கோரிக்கை. அயல் நாடாகிய இந்தியாவில், ஒடிசா மாநிலத்து நியம்கிரி மலையிற் பொக்சைற்று அகழ்வது பற்றி 2013ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் கிராம சபைகளின் தீர்மானத்தைக் கேட்கும்படி பணித்தது. 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன, அகழ்வு நின்றது. அம்மலை மக்கள் உமா ஓயாப் படுகையின் மக்களிலும் கல்வியிலோ செல்வத்திலோ மேம்பட்டவரல்லர். கூடுவதற்குச் சட்டம் ஏற்ற சபை அவர்களுக்கு இருந்தது என்பதே வேறுபாடு.

உமா ஓயாப் போராட்டத்திற் கிராமத்தவரும் நகரத்தவரும் தோட்டத்தவரும் ஒரே இழப்பினை அடைந்தனர். இழப்பை நிறுவுவதிலேதான் வேறுபாடு தோன்றுகிறது. வெடித்த சுவருக்கு நட்டஈடு கோருபவர் அச்சுவர் தமக்குரியது எனக் காட்ட வேண்டும். கிணற்றை இழந்தவரிடம் காணி உறுதி உண்டு. மலையூற்றிலிருந்து குழாய்வழி நீர் பெறும் லயன்வாசியிடம் ஊற்றுக்கும் உறுதியில்லை, சுவருக்கும் உறுதியில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டின் மனையும் இறைநிலமும் இவ்விடத்தில் மீண்டும் நினைவுக்கு வருகின்றன.

திருத்தமும் எஞ்சிய கடமையும்

பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டது. பிரதேச சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புக்களிலும் செலவிடுவதற்கு வழி பிறந்தது. அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகார சபை ஒன்றும் சட்டத்தின் வாயிலாக அமைக்கப்பட்டது. 1889ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால், தோட்டத்தில் வாழ்பவரும் ஊரவரே என்பதை உள்ளூராட்சிச் சட்டம் ஏற்பதற்கு 129 ஆண்டுகள் சென்றன. இதனைச் சிறிய வெற்றியெனக் கொள்ளுதல் ஆகாது.

ஆயினும் திறந்த கதவின் வழியே நுழைவதற்கு வேறு தடைகள் உள்ளன. பிரதேச சபைகளின் வருவாய் சிறிது. தோட்டக் காணி கம்பனியின் குத்தகையில் இருக்கும் வரையில் அங்கு ஒரு வேலையைத் தொடங்குவதற்கு முகாமையின் இணக்கமும் தேவைப்படுகின்றது. மேலும், 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவுற்ற பின்னர், 2025 மே 6ஆம் நாட்டேர்தல் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிவு செய்யப்பட்ட சபைகளே இருக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்து பெற்ற ஆசனம் இவ்வாறு சிறிது காலத்திலேயே வெறுமையாயிற்று. 2023ஆம் ஆண்டிற் பூனாகலைப் பகுதியில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பரில் டித்வாப் புயலின் மழையால் பதுளை மாவட்டத்தின் மலைகள் பலவிடங்களிற் சரிந்து பேரழிவு ஏற்பட்டது. ஒவ்வோர் அழிவின் பின்னரும் எழும் வினா ஒன்றே: பாதுகாப்பான காணி எங்கே, அதனைத் தெரிவு செய்வதில் அங்கு வாழப் போகிறவர்க்குப் பங்குண்டா?

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு இதுவாகும். ஊவாவின் பொதுப்பணிகளில் எவர் கருத்து எடுபட்டது என்பதை அறிவு தீர்மானிக்கவில்லை, எண்ணிக்கையும் தீர்மானிக்கவில்லை. சட்டம் எவரை அவ்விடத்துக்குரியவராக ஏற்றதோ அவர் கருத்தே எடுபட்டது. துரைமார் சங்கத்தின் மகஜர் புகையிரதத்தைக் கொணர்ந்தது. வெவஸ்ஸத் தொழிலாளரின் சபை சில நாட்களில் மறைந்தது. மீரியபெத்தையின் எச்சரிக்கை அலுவலகங்களில் உறங்கியது. ஆகவே தோட்ட மக்களின் காணியுரிமையை வீடமைப்புப் பிரச்சினை என்னும் ஒரு கூண்டுக்குள் அடைத்து நோக்குதல் போதாது. ஏழு பேர்ச் காணிக்கான உறுதி, கூரைக்கு உரிமை தருவதோடு நில்லாது, பாதையைப் பற்றியும் சுரங்கத்தைப் பற்றியும் மலையைப் பற்றியும் வினா எழுப்பும் உரிமையையும் தருவதாகும்.

இத்துறையில் ஆராய்ச்சிக்கு இடம் மிகுதி. கிராமச் சங்க விவாதங்கள், தோட்டப் பதிவேடுகள், பிரதேச சபைகளின் கூட்டக் குறிப்புக்கள், முதியோரின் வாய்மொழிச் செய்திகள் என்பன பல்கலைக்கழக மாணவரின் கைபடக் காத்திருக்கின்றன. துரைமாரின் மகஜர்கள் ஆவணக் காப்பகங்களிலே பேணப்பட்டுள்ளன. லயன்களிலிருந்து எழுந்த வேண்டுகோள்களையும் அவ்வாறே தேடித் திரட்டிப் பேணுதல் இத்தலைமுறை ஆய்வாளரின் கடனாகும்.